மூன்றாவது வில்லை

சிவப்பு வில்லை வீட்டுக்கு வந்துவிட்டால் ஆள் மண்ணுக்குப் போய்விட்டான் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. வருஷக்கணக்காக அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டவன் நான்தான். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இந்த வயதில் கூடப் பெருமை பேசக்கூடாது என்றால் பிறகு எந்த வயதில் பேசுவது?

இதை எழுத வைத்தவர் மதுரையிலிருந்து வந்த ஒரு வங்கி ஊழியர். சிப்பாய்கள் கழுத்தில் போடும் பழைய ராணுவ அடையாள வில்லைகளைச் சேகரிக்கிறாராம். ‘டாக் டேக்’ என்கிறார். நகைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியைத் திறந்து, பளபளவென்று நாலு எஃகுத் தகடுகளைக் காட்டினார்.

“ரெண்டாவது உலகப் போர்ல நம்ம ஆளுங்க போட்டது சார். ரொம்ப அபூர்வம்னு சொல்லிக் கொடுத்தாங்க.”

நான் மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. “தம்பி, இதை அடிச்சவனுக்கு இன்னும் மீசையே முளைச்சிருக்காது” என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு என் வீட்டுக்காரி கொடுத்த காப்பியைக் குடித்துத் தெளிந்து, “எப்படி சார் பார்த்ததும் சொல்றீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது.

எங்கள் காலத்து வில்லை எஃகு அல்ல. நாரை அழுத்திச் செய்த கெட்டியான அட்டை. ஒரு சிப்பாய்க்கு மூன்று கொடுப்பார்கள். பச்சை நிறத்தில் எட்டு மூலை வைத்த வில்லை ஒன்று, சிவப்பில் வட்டமானது ஒன்று. இவை இரண்டும் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கிடக்கும். மூன்றாவதும் சிவப்பு வட்டம்தான். அது விஷவாயு முகமூடி வைக்கும் பையில் கட்டுவதற்கு. எண், பெயர், அடியில் மதத்துக்கு ஒரு எழுத்து, இவ்வளவுதான் எழுதியிருக்கும். இந்துவுக்கு ‘எச்’. செத்தால் எரிப்பதா புதைப்பதா என்று தெரிய வேண்டுமே, அதற்காக. ஆள் விழுந்துவிட்டால் கூட இருப்பவர்கள் கழுத்திலிருக்கும் சிவப்பை அறுத்து மேலே அனுப்புவார்கள். பச்சை உடலோடு போய்விடும்.

இதெல்லாம் எனக்குப் புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனேன். வீரத்துக்காகப் போகவில்லை, பசிக்காகத்தான் போனேன். துப்பாக்கி கொடுப்பார்கள் என்று பார்த்தால் வடக்கே ஒரு பயிற்சிக் கிடங்கில் உட்கார வைத்துச் சுத்தியலைக் கொடுத்தார்கள். யுத்தம் முடியும்வரை நான் சுட்டது ஒன்றுமில்லை. அடித்தது ஆயிரக்கணக்கான வில்லைகள். எழுத்து அச்சை நிமிர்த்திப் பிடித்து ஒரே அடி. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும், ஹவில்தார் முதுகில் மூன்றாவது அடி போடுவார்.

ஊர் திரும்பியதும் திண்டுக்கல்லில் பட்டாளத்துக் குடும்பங்களின் விவகாரங்களைக் கவனிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. இரண்டு அறை, ஒரு டைப்ரைட்டர், ஒரு மண்பானை. காணாமல் போன மகனின் கடிதத்தை, பெல்ட்டை, வில்லையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரமெல்லாம் அங்கேதான் வரும்.

எங்கள் அதிகாரி சுபேதார் சவரிமுத்து. திண்டுக்கல்காரர்தான். சித்திரை வெயிலிலும் பூட்ஸைக் கழற்ற மாட்டார். வில்லையோடு ஒரு பெண் உள்ளே வந்தால் அவர் எழுந்து நிற்பார். அந்தம்மா உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். முதலில் பானைத் தண்ணீர். பிறகு மேஜைமேல் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து, “இதுல வைங்கத்தா” என்பார். ஒருநாளும் கையில் வாங்கியதில்லை. கேட்டதற்கு, “கையிலருந்து வாங்குனா புடுங்குன மாதிரி ஆயிரும்ப்பா” என்றார். அந்த ஒரு பழக்கத்துக்காக அவருடைய மற்ற எல்லாக் குணத்தையும் பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்ள நிறையவே இருந்தது.

முக்கியமானது, அவருக்கு ‘இருக்கலாம்’ என்ற சொல் ஆகாது. நான் எழுதும் குறிப்பில் அது வந்துவிட்டால் சிவப்பு மையால் அடிப்பார். “ஏம்ப்பா கிருஷ்ணா, செத்திருக்கலாம்னு எழுதிக் குடுத்தா, அந்தப் பொம்பள வீட்டுக்குப் போயி என்னத்தப் பண்ணும்? பாதிப் பொட்டு வச்சுக்கிருமா?” என்பார். ஆம் அல்லது இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது.

வில்லை பார்ப்பதில் எங்கள் இருவருக்கும் வேறு வேறு வழி. அவர் எண்ணைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார், முடித்துவிடுவார். நான் வில்லையையே பார்ப்பேன். கழுத்தில் கிடந்தது வியர்வை குடித்துக் கறுத்திருக்கும், ஓரம் வீங்கி லேசாக வளைந்திருக்கும். நாள்பட்டிருந்தால் துளை கயிற்றில் தேய்ந்து ஒரு பக்கமாக நீண்டிருக்கும். எங்கள் கிடங்கில் யுத்தத்தின் ஆரம்பத்தில் வந்த அட்டைகள் உள்வரை சாயம் ஏறியவை. பின்னால் வந்தவை மட்டம். மேலே நிறம், ஓரத்தைச் சுரண்டினால் பழுப்பு. அச்சுகளுக்கும் குணம் உண்டு. எங்கள் ‘4’ என்ற எண் அச்சின் கால் உடைந்தது ஒரு மழைக்காலத்தில். கால் முழுசாக இருந்தால் அதற்கு முந்தியது, நொண்டியாக இருந்தால் பிந்தியது. இப்படி மாதக் கணக்கில் தேதி சொல்லிவிடுவேன்.

இந்தப் பைத்தியம் முற்றி, நானே சேர்க்கவும் ஆரம்பித்தேன். அப்போது சந்தையில் யுத்தச் சாமான்கள் மூட்டை மூட்டையாக வரும். பெல்ட், தண்ணீர்க் குப்பி, காக்கிப் பைகளுக்கு அடியில் வில்லைகளும் கிடக்கும். வாங்கிவந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன். “ஊருல அவனவன் வெள்ளி டம்ளர் சேக்குறான். நீங்க எழவு வீட்டுச் சாமானக் கொண்டாந்து சேக்குறீக” என்பாள் வீட்டுக்காரி. அவள் சொன்னதிலும் தப்பில்லை.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம் வடமதுரைப் பக்கத்து ஊரிலிருந்து கருப்பையா என்ற பெரியவரும் அவர் மருமகள் ராக்கம்மாளும் வந்தார்கள். கருப்பையாவின் மகன் சுப்பையா மலேயாவுக்குப் போன பட்டாளத்தில் இருந்தவர். ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகு தகவல் இல்லை. ‘காணவில்லை’ என்று ஒரு கடிதம் வந்தது. யுத்தம் முடிந்து, ‘இறந்ததாகக் கருதலாம்’ என்று இன்னொன்று வந்தது. ராக்கம்மாள் அந்த இரண்டாவது கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தாலியோடும் பொட்டோடும் காட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கருதலாம் என்பதற்கெல்லாம் தாலியைக் கழற்ற முடியாது என்பது அவர் கட்சி.

இப்போது வந்திருந்தது வேறு சமாச்சாரம். சுப்பையாவோடு மலேயாவுக்குப் போய்த் திரும்பிவந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அந்த மாதம் இறந்துபோனார். உயிரோடு இருந்தவரை சுப்பையாவைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவாராம். அவர் டிரங்குப் பெட்டியின் அடியில் துணியில் சுற்றி ஒரு சிவப்பு வில்லை இருந்தது. சுப்பையாவின் வில்லை. ‘சாவுச் சேதி சொல்ல மனசு வராம வச்சிருந்திருக்கான்’ என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆடி அமாவாசைக்குக் காரியம். அன்றைக்கே ராக்கம்மாளுக்குத் தாலி இறக்குவது. இடையில் ஒன்பது நாள்.

“எனக்கும் கெடு நெருங்கிருச்சுங்கய்யா” என்றார் கருப்பையா. “நான் போறதுக்குள்ள எம்புள்ளைக்கு எள்ளும் தண்ணியும் எறச்சிட்டா நிம்மதியாக் கண்ண மூடுவேன். ஆபீசுல ஒரு காயிதம் குடுங்க. இந்தப் புள்ள காயிதம் இல்லாம கேக்க மாட்டேங்குது.”

சுபேதார் வெள்ளைக் காகிதத்தை விரித்தார். ராக்கம்மாள் வில்லையை வைத்தார். எண் பதிவேட்டோடு பிசகில்லாமல் பொருந்தியது. கையெழுத்துப் போடச் சுபேதார் பேனாவை எடுத்தார். “சிவப்பு வில்லை. எண் சரி. இறந்தது உறுதி” என்று அவர் சொல்லச் சொல்ல நான் குறிப்பெழுதினேன்.

அப்போதுதான் ராக்கம்மாள் முதல்தடவையாக வாயைத் திறந்தார். “ஏஞ்சாமி, இது அவுகளுதுதான். அவுக செத்துட்டாகன்னு இதுல எங்கன எழுதியிருக்கு?”

“ஏத்தா, பெரியவுக முன்னால பேசாத” என்றார் மாமனார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

நான் வில்லையைப் பார்த்தேன். தட்டையாக இருந்தது, வளையவில்லை. நிறம் கறுக்கவில்லை. துளை வட்டமாகவே இருந்தது. ‘4’ என்ற எண்ணுக்குக் கால் நொண்டி; எங்கள் கிடங்கேதான். பெயருக்கு அடியில் ‘எச்’ இருக்கவேண்டிய இடம் காலி. அடி லேசாக விழுந்திருக்குமோ என்று நகத்தால் தடவினேன். மழமழவென்று இருந்தது. எனக்குக் காது சூடேறிவிட்டது.

ஏனென்றால் அந்த எழுத்தை விட்டது நாங்கள். சிப்பாய்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் ரயில் ஸ்டேஷனில் காத்து நிற்கும். முன்னூறு பேருக்குத் தொள்ளாயிரம் வில்லை வேண்டும். எங்களிடம் நாலு சுத்தியல். அப்படி ஒருநாள் ஹவில்தார் சொன்னார், “பைய எவன்டா பொதைக்கப் போறான்? அதுக்கு எதுக்கு மதம்? விடு.” அன்றிலிருந்து மூன்றாவது வில்லையில் மத எழுத்தை விட்டுவிடுவோம். உத்தரவில் இல்லாத வேலை. அந்த நாலு சுத்தியல்காரர்களையும் ஹவில்தாரையும் தவிர யாருக்கும் தெரியாது.

“சார், கையெழுத்துப் போடாதீங்க” என்றேன்.

வந்தவர்கள் முன்னால் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. எழுந்து பின்பக்கம் போனார். நானும் போனேன்.

“இது கழுத்துல கெடந்தது இல்ல சார். பை வில்லை. பை வில்லையில நாங்க மதம் அடிக்க மாட்டோம்.”

“ஆடர் அப்பிடியா?”

“ஆடர் இல்ல சார். நாங்களா விட்டது.”

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். “எழுதிக் குடுப்பியா?”

எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள். யுத்த காலத்தில் உத்தரவை மீறினேன் என்று அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை நிற்குமா என்று தெரியாது. ஆனாலும் எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“இது ஒன்னையக் குத்தவாளி ஆக்கும். அந்த வில்லையப் பை வில்லைன்னு ஆக்காது. மறந்துகூட விட்டுருக்கலாம்ல? பையோட சேத்து ஒன்னு காட்டு. அமாவாசைக்கு மொத நா வரைக்கும் பேனாவத் தொட மாட்டேன்.”

என் பிஸ்கட் டப்பாவைக் கொட்டினேன். எங்கள் கிடங்கில் அடித்தவை பதினொன்று இருந்தன. அவற்றில் நாலில் எழுத்து இல்லை. ஆனால் எல்லாம் உதிரி. உதிரி செல்லாது என்பார் சுபேதார். பதிவேட்டைப் புரட்டி, அதே எண் வரிசையில் எங்கள் கிடங்கு வழியாகப் போன ஐந்து பேரைக் கண்டுபிடித்தேன். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். வடமதுரையில் ஒருவர் பையை விற்றுவிட்டார். இன்னொருவர் வீட்டில் எலி தின்றுவிட்டது. சின்னாளப்பட்டிக்காரர் பட்டாளம் என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்தினார். நாலாவது ஆள் வேலை தேடி வெளியூர் போய்விட்டார். மிச்சமிருந்தவர் ஆயக்குடியில். அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது பழனி பஸ் ஏறினேன்.

கொய்யாத் தோப்புக்குள் போனால், தோளில் காக்கிப் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு ஒருவர் காய் பறித்துக்கொண்டிருந்தார். பெயர் பழனியப்பன். பையின் வாரில் சிவப்பாக ஒரு வட்டம் ஆடியது. எனக்கு அங்கேயே கும்பிடவேண்டும் போல் இருந்தது.

“ஏனுங்க, பட்டாளத்து ஆளுங்களா? வாங்க, மொதல்ல ஒரு பழந் தின்னுங்க” என்றார்.

பழத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வில்லையைத் திருப்பிப் பார்த்தேன். நொண்டி நாலு. பெயர். கீழே காலி. கழுத்து வில்லைகளை வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருந்தார். பச்சையிலும் ‘எச்’ இருந்தது, சிவப்பிலும் ‘எச்’ இருந்தது.

பையைக் கொடுங்கள், நாலு நாளில் திருப்பித் தருகிறேன் என்றேன். “பையக் குடுத்துப்போட்டுப் பழத்த எதுலீங்க பறிக்கறது?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு, “பையும் வருது, நானும் வாரனுங்க. ஒரு பொம்பளையோட தாலிக் காரியம், இதுக்கு வராம எதுக்கு வர்றது?” என்று கூடவே புறப்பட்டுவிட்டார்.

சுபேதாரின் மேஜையில் முதலில் கொய்யாப்பழம் கொட்டப்பட்டது, அதற்கப்புறம்தான் பை. அவர் வெள்ளைக் காகிதத்தில் ஆயக்குடிக்காரரின் மூன்று வில்லைகளையும் சுப்பையாவின் வில்லையையும் வரிசையாக வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். வாரில் வில்லை கட்டியிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அது பட்டாளத்துச் சணல், ஒருமுறையும் அவிழ்க்காதது. பிறகு பழைய குறிப்பைக் கிழித்துவிட்டுத் தன் கையாலேயே எழுதினார்: ‘இது முகமூடிப் பையின் வில்லை. இறந்ததற்கு ஆதாரம் அன்று.’

மறுநாள் கருப்பையாவும் ராக்கம்மாளும் வந்தார்கள். “அப்ப எம்மவன் இருக்கானாய்யா?” என்று கேட்டார் பெரியவர்.

“தெரியாதுங்க” என்றார் சுபேதார். “செத்ததுக்கு இது சாட்சி இல்ல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.” ஆம், இல்லை தவிர மூன்றாவது ஒரு பதிலை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். ராக்கம்மாள் எழுந்தார். பானையிலிருந்து தானே தண்ணீர் எடுத்துக் குடித்தார். அந்த அமாவாசைக்குக் காரியம் நடக்கவில்லை.

என் வாக்குமூலத்தைச் சுபேதார் மறைக்கவில்லை. கோப்போடு சேர்த்து மேலே அனுப்பிவிட்டார். “நெசம்னா முழுசாத்தான் போகணும்” என்றார். இரண்டு மாதம் தபால்காரர் தெருவில் வந்தாலே நான் கொல்லைப்புறம் போய் நின்றுகொள்வேன். கடைசியில் பதில் வந்தது. தண்டனை ஒன்றும் இல்லை. எங்கள் கிடங்கின் எண் வரிசையில் வரும் சந்தேகமான வில்லைகளையெல்லாம் இனி திண்டுக்கல் குமாஸ்தாவின் பார்வைக்கு அனுப்பலாம் என்று எழுதியிருந்தது. திண்டுக்கல் குமாஸ்தா என்றால் நான். அந்தக் கடிதத்தை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். “எழவு வீட்டுச் சாமானுக்கும் ஒரு மவுசு வந்துருச்சு” என்றாள் வீட்டுக்காரி. ஆனால் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அதன் பிறகு நான் ஓய்வு பெறும்வரை எங்கெங்கிருந்தோ வில்லைகள் என் மேஜைக்கு வந்தன.

சுபேதார் அதோடு விடவில்லை. மலேயாவில் தமிழர்கள் வேலை செய்யும் தோட்டங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பெரும்பாலானவற்றுக்குப் பதில் இல்லை. கருப்பையா அடுத்த வருஷம் காலமானார். மகன் எங்கோ இருக்கிறான் என்ற நம்பிக்கையோடு போனார். அதை என் கணக்கில்தான் வைத்துக்கொள்கிறேன். அதற்கும் பல மாதம் கழித்து ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து கனமான உறை ஒன்று வந்தது.

சுப்பையாவே எழுதியிருந்தார். முதல் வரியில் தன் பட்டாள எண். பிறந்த தேதி தெரியாத சிப்பாய்க்கும் அந்த எண் மறக்காது. எண் சரியாக இருந்தது. கைதி முகாமில் காய்ச்சலாகக் கிடந்தபோது பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தில் பெண் கட்டிக்கொண்டாராம். மூன்று பிள்ளைகள். ஊருக்கு வர முகமில்லை, தன்னைத் தேட வேண்டாம் என்று முடித்திருந்தார். டிரங்குப் பெட்டிக்காரர் ஏன் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. கூட்டாளியின் பையிலிருந்து எடுத்துவந்த வில்லையைக் கொடுத்தால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ராக்கம்மாளை வரச் சொன்னோம். தனியாக வந்தார். சுபேதார் எழுந்து நின்றார். கடிதத்தைப் படிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்று நான் நினைத்த ஒரே நாள் அதுதான். நிறுத்தாமல் படித்துவிட்டேன். அந்தம்மா அழவில்லை. “அந்த நம்பரு அவுகளுதுதானா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

பிறகு இரண்டு கையையும் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய்த் தாலிக்கயிற்றை அவிழ்த்து, முந்தியில் முடிந்துகொண்டார். சுபேதார் பதறிப்போய், “ஆத்தா, அவசரப்படாதீக” என்றார்.

“அன்னைக்கிக் கழட்டச் சொன்னாக. அது பொய்யி, மாட்டேன்னேன். இன்னைக்கி நெசம் தெரிஞ்சுபோச்சு, நானாக் கழட்டுறேன்” என்றார். சுபேதாரின் கண் தன் நெற்றிப் பொட்டுக்குப் போவதை ராக்கம்மாள் பார்த்துவிட்டார். “பொட்ட மட்டும் அழிக்க மாட்டேன் சாமி. யாரு செத்தா? ஒருத்தரும் சாகலையே. ஊருல நாலு பேரு கேப்பாக. அவுக உசுரோட இருக்காக, நான் தாலியறுத்தவ இல்லைன்னு ஒரு காயிதம் எழுதி, சீலு போட்டுக் குடுங்க.”

அப்படி ஒரு காகிதத்துக்கு எங்களிடம் படிவம் கிடையாது. சுபேதார் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். அடையாளம் கண்டவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடச் சொன்னார். ராக்கம்மாள் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். நாலாக மடித்தார். கண்ணாடி இல்லாததால் என்னிடமே, “பொட்டு நேரா இருக்காண்ணே?” என்று கேட்டார்.

“நேராத்தான் இருக்கும்மா” என்றேன்.